கடைசி அறுபத்துநாலு பைட்

பதினொன்று பத்துக்கு ஒன்றாம் நம்பர் பிரஸ் மாமாவின் வலது கையிலிருந்து நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. எண்பது டன் பிரஸ். கீழே தகட்டை வைத்துக் காலால் மிதித்தால், மேலிருந்து இறங்கி ஒரே அடியில் டப்பா மூடி செய்துவிடும். காலையிலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் மூடிகள் பளபளவென்று விழுந்த தொட்டியில் அந்த ஒன்று மட்டும் சிவப்பாக விழுந்தது.

மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த பட்டாசு, அலறல் கேட்கும் முன்பே எழுந்துவிட்டான். அடியின் சத்தம் மாறியிருந்தது. டங்கென்று விழவேண்டியது தொப்பென்று விழுந்தது. படிகளைத் தாவித் தாவி இறங்கினான். மாமா நின்றுகொண்டுதான் இருந்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் முழுசாக இருந்தது. பட்டாசு சட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினான். சட்டை நனைந்து அவன் முழங்கை வரை சூடாக ஒழுகியது.

"மாப்ள, தொட்டியில பாருடா. அந்த மூடிக்குள்ள இருக்கும். எடுத்துட்டு வா, தச்சிருவாங்க" என்றார் மாமா.

எடுத்தான். தைக்கிற நிலையில் எதுவும் இல்லை. தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான்.

பட்டாசு மாமாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பட்டப்பெயரை வைத்தவரே மாமாதான். திரியைக் கிள்ளும் முன்பே வெடிக்கிறவன் என்பார். வேலையும் அப்படித்தான், உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். பிரஸ்ஸுக்கு மேலே மாட்டியிருந்த கேமராவுக்குப் புரோகிராம் எழுதியவன் அவன்தான். தொழிற்சாலையில் அதற்குக் 'கண்' என்று பெயர். யாராவது மிதித்தால் கண் முதலில் ஒரு படம் எடுத்துப் பார்க்கும். அச்சுக்கு நடுவே கை இருந்தால் பிரஸ்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றும் இல்லையென்றால் பிரஸ்ஸைத் தாங்கி நிறுத்தியிருக்கும் கொக்கியை விடும். கொக்கி விட்டபின் யார் கத்தினாலும் நடுவில் நிற்காது, அவ்வளவு பழைய பிரஸ்.

கண் வந்த பிறகு கீழே இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கையால் தகட்டைச் சரிசெய்யும்போதே காலால் மிதித்துவிடுவார்கள். கண் காத்திருக்கும். கை வெளியே வந்த நொடியில் அடி விழும். கையை எடுத்துவிட்டு அப்புறம் மிதிப்பதைவிட இது வேகம். இதைத் தொடங்கி வைத்த புண்ணியவானும் மாமாதான். "என் மச்சான் எழுதுனதுடா இது. உள்ள கைய விட்டுட்டுத் தூங்கலாம்" என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் கையை அச்சுக்குள் வைத்து மிதித்துக் காட்டுவார். தலைக்கு மேலே எண்பது டன் தொங்கும், மாமா சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா மூச்சிரைக்க வந்து நின்றதும் முதலாளி வாயைத் திறந்தார். சும்மா இருந்திருக்கலாம்.

"கண்ணு எழுதி வைக்கிற லாக்ல 'காலி'ன்னுதாம்மா பதிவாயிருக்கு. கண்ணு பாத்தப்ப கை உள்ள இல்ல. கொக்கி விட்டதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரர்தான் நடுவுல நுழைச்சிருக்காரு."

அக்காவின் கையில் எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து எதற்கென்றே தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்தது. அதை ஓங்கி அவர் தாடையில் ஒரு போடு போட்டாள். பல் உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி சுவரில் சரிந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை. இரண்டு நர்ஸுகள் இடுப்பைப் பிடித்து இழுக்க, காலால் எட்டி எட்டி உதைத்தாள். ஒரு செருப்பு பறந்து போய் மருந்து வண்டியில் விழுந்தது. மூச்சு வாங்கியபடி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடா. உன் கண்ணு என்ன புடுங்கிக்கிட்டிருந்துச்சு?"

பட்டாசுக்கு ஜிவ்வென்று ஏறியது. "என் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. மூணு லட்சம் படம் ஓட்டிப் பாத்திருக்கேன், ஒண்ணுகூடத் தப்பில்ல. மாமாதான் ஓவரா ஆடுவாரு. உள்ள கைய விட்டு வித்தை காட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமா அந்த வித்தையைக் காட்டும்போதெல்லாம் மாடியிலிருந்து பார்த்து நெஞ்சு நிமிர்ந்தவன் அவன். அக்காவுக்கு அது தெரியுமோ தெரியாதோ, விட்ட அறையில் அவனுக்குக் காது இரைந்தது.

"அவன அடிக்காதடி!" வார்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் மயக்க மருந்தில் குழறியபடி வந்தது. "அவன் மேல ஒரு தப்பும் இல்ல. காலின்னு கண்ணு சொல்லுதுன்னா காலிதான். நான்தான் நுழைச்சிட்டேன் போலிருக்கு."

முதலாளி கைக்குட்டையில் ரத்தத்தைத் துப்பினார். நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வரும் என்றார். 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று மாமா அதில் இடதுகைப் பெருவிரலை வைத்தால் போதும். வைத்தால் மாமாவுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. வார்டுக்குள்ளிருந்து சரி என்று பதில் வந்தது.

மணி இரண்டரை. காது இன்னும் இரைந்துகொண்டிருக்க, பட்டாசு தொழிற்சாலைக்குத் திரும்பினான். கண் ஒவ்வொரு மிதிக்கும் எடுத்த படத்தைச் சேமித்து வைக்கும். பதினொன்று பத்து படத்தில் அச்சு வெறுமையாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும். அவ்வளவுதான் அவன் எண்ணம்.

லாக்கைத் திறந்தான். 'காலி' என்றே இருந்தது. படத்தைத் திறந்தான். அச்சின் நடுவே நான்கு விரல்கள் இருந்தன. நகங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஆட்காட்டி விரல் நகத்தில் போன மாதம் சுத்தியல் பட்டுக் கறுத்த இடம்கூட இருந்தது.

எண்ணைச் சரிபார்த்தான். அதே படம், அதே மிதி.

கேமரா எடுக்கும் படம், கேமராவின் மெமரியிலிருந்து சோதிக்கும் புரோகிராமின் மெமரிக்குக் காப்பியாக வேண்டும். முன்பெல்லாம் அதற்கே நேரம் போனது. மிதித்த கால் காத்திருந்தது, முதலாளி பல்லைக் கடித்தார். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவன் பட்டாசு. பிராசஸருக்குள் கேஷ் என்று சின்னதாக, படுவேகமாக ஓர் இடம் உண்டு. சமையல் மேடை மாதிரி, வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மெயின் மெமரி என்பது கொல்லைப்புறத்து ஸ்டோர் ரூம். சாதாரணமாகக் காப்பி செய்தால் படத்தின் ஒவ்வொரு துண்டும் மேடைமேல் ஏறித்தான் இறங்கும். போகிற போக்கில், சோதிக்கும் புரோகிராம் அங்கே எடுத்து வைத்திருக்கும் கத்தி கரண்டிகளையெல்லாம் தள்ளிவிட்டுப் போகும். அது மறுபடி ஸ்டோர் ரூமுக்கு ஓடவேண்டும். பட்டாசு இரண்டு காரியம் செய்தான். அடுத்துத் தேவைப்படும் துண்டை முன்கூட்டியே எடுத்துவரச் சொன்னான். எழுதுவதை மேடைமேல் வைக்காமல் நேராக மெமரிக்கே அனுப்பினான். காப்பி நேரம் மூன்றில் ஒரு பங்கானது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு மூடி முப்பதானது. முதலாளி அவன் தோளில் தட்டினார்.

நேராக அனுப்புவதில் ஒரு சங்கடம் உண்டு. அப்படிப் போகிறவை அறுபத்துநாலு பைட் கட்டுகளாக வாசலில் சேர்ந்து, தமக்குத் தோன்றிய வரிசையில் கிளம்பும். அதனால் காப்பியின் முடிவில் ஒரே ஒரு வரி எழுதவேண்டும். எல்லாம் போய்ச் சேரும்வரை நில் என்று சொல்லும் வரி. அதைத் தாண்டித்தான் 'படம் ரெடி' என்று கொடி காட்டலாம். அந்த வரிக்கு வேலி என்பார்கள்.

படத்தின் வாலில் கேமராவே அறுபத்துநாலு பைட் எழுதும். அச்சை அறுபத்துநாலு பட்டைகளாகப் பிரித்து, பட்டையில் தகட்டைத் தவிர ஏதாவது இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். சோதிக்கும் புரோகிராம் முதலில் அந்த வாலைத்தான் பார்க்கும். எல்லாம் சைபர் என்றால் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரம் மிச்சம் பிடிக்க அதுவும் பட்டாசு சொன்ன யோசனைதான்.

காப்பி செய்யும் பகுதியைத் திறந்து கீழே போனான். துண்டு துண்டாகக் காப்பி செய்யும் சுற்று முடிந்தது. அடுத்த வரியிலேயே கொடி. நடுவில் வேலி இல்லை.

எப்போது போனது என்பது உடனே ஞாபகம் வந்தது, மூன்று வாரத்துக்கு முன்பு. முதலில் வேலியைச் சுற்றுக்கு உள்ளே வைத்திருந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் நின்று நின்று போனதால் வேகம் வரவில்லை. உள்ளேயிருந்து எடுத்து, வெளியே கடைசியில் ஒரே தடவை வைக்கலாம் என்று வெட்டினான். அந்த நேரம் பார்த்து முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னுமாடா முடியல?" என்றார். பட்டாசு வீம்புக்கு ஓட்டிக் காட்டினான். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேகம் வந்திருந்தது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டான். வெட்டியதை ஒட்டவே இல்லை. மூன்று லட்சம் படம் ஓட்டிய மேஜைக் கம்ப்யூட்டரில் சோதனை ஒரு மூச்சு தாமதமாகத் தொடங்கும், அதற்குள் வால் வந்து சேர்ந்துவிடும். இங்கே இன்று பதினொன்று பத்துக்குச் சேரவில்லை. கண் பார்த்தது முந்தின மூடியின் வாலை. அதில் கை இல்லை.

நெற்றியை மேஜையில் மோதினான். வலிக்கவில்லை என்று மறுபடி மோதினான். மூன்றாவது மோதலில் புருவம் கிழிந்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. அப்போதுதான் மேஜை தானாக அதிர்வதைக் கவனித்தான். டங். இரண்டு நொடி. டங்.

இரண்டாம் நம்பர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அதே கண், அதே புரோகிராம். கண்மேல் தப்பில்லை என்று முதலாளி சொன்னதால் யாரும் அதை நிறுத்தவே இல்லை.

இரண்டாம் நம்பரில் நிற்பவளை நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. பட்டாசு கத்திக்கொண்டே ஓடிவந்தபோது அவள் கை அச்சுக்குள் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது, கால் மிதியில் இருந்தது. கண் காத்திருந்தது. அவளைத் தோளோடு மோதித் தள்ளினான். இருவரும் மூடித் தொட்டிமேல் விழுந்தார்கள். தகட்டின் விளிம்பு அவன் முன்னங்கையைக் கிழித்தது. பின்னால் பிரஸ் டங்கென்று வெறும் தகட்டில் இறங்கியது.

"பைத்தியமாடா உனக்கு?" என்று நெட்டை அவன் நெஞ்சில் குத்தினாள்.

"மெயின ஆஃப் பண்ணு! கண்ணு பொய் சொல்லுது!"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கமா? மிஷின்ல கை வச்சா கைய ஒடிச்சிருவேன்" என்று பட்டாசின் பிடரியைப் பிடித்து இழுத்து, முகத்தைத் தூணில் மோதினார். மூக்கு உடைந்தது. "கண்ணுல ஒண்ணும் இல்ல, எல்லாரும் வேலையப் பாருங்க! லாக் இருக்கு, நான் பாத்துட்டேன்!"

"லாக்தான் பொய்யி. நான் எழுதுனது தப்பு சார். ஒரு வரி விட்டுட்டேன்."

"வாய மூடுறா" என்று வயிற்றில் ஒரு உதை. பட்டாசு மடிந்து விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது மிதி மட்டும்தான். எழுந்த வேகத்தில் முதலாளியின் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, அச்சுக்குள் இழுத்து, தோளால் அழுத்திக்கொண்டான். கால் மிதிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? மிதிக்கட்டுமா சார்?"

"டேய்! விடுறா!"

"மூணு வாரத்துல ஒரே தடவதான் ஏமாத்தியிருக்கு. ஒண்ணுமே ஆகாது. மிதிக்கட்டுமா?"

"வேண்டாம்டா! மிதிக்காதடா! ஐயோ, நிறுத்துங்கடா யாராவது!" முதலாளி குழந்தைபோல அலறினார். அவர் கால்சட்டை நனைந்தது. சுற்றி நின்ற இருபது பேரும் அதைப் பார்த்தார்கள், அலறலைக் கேட்டார்கள். கண்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மிதித்திருப்பானா? அந்த நேரத்தில் மிதித்திருப்பான் என்றுதான் சொல்லவேண்டும். கால் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நெட்டை இரண்டே எட்டில் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். மிதி வெறுமனே கிளிக் என்றது.

முதலாளி தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே ஓடினார். கொட்டகையில் சத்தமே இல்லை. நெட்டை தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"பதினொண்ணு பத்துலேருந்து நான் எத்தன தடவ உள்ள விட்டிருப்பேன்? என்ன வரிடா விட்ட?"

சொன்னான். வாசலில் நின்ற அறுபத்துநாலு பைட்டையும் சொன்னான், முந்தின மூடியின் வாலையும் சொன்னான். முழுவதும் புரிந்ததோ இல்லையோ, புரியவேண்டியது புரிந்தது. முதல் அடி நெட்டையுடையது. பிறகு யார் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலாளிமேல் கை வைத்ததற்காக ஒருவரும் அடிக்கவில்லை. அந்த ஒரு வரிக்காக அடித்தார்கள், இத்தனை நாள் அந்த அச்சுக்குள் போய்வந்த அதே கைகளால். பட்டாசு முகத்தை மறைக்கவில்லை. விலாவில் எதுவோ முறிந்தபோதுதான் நெட்டையே குறுக்கே வந்து விலக்கிவிட்டாள்.

"போ. அவருகிட்டப் போய்ச் சொல்லு" என்றாள்.

நாலு மணிக்குக் காகிதம் வந்து மாமாவின் கட்டில்மேல் கிடந்தது. மைப்பெட்டியும் பக்கத்தில் திறந்திருந்தது. அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமாவின் கையில் தலையணை அளவுக்குக் கட்டு. பட்டாசைப் பார்த்ததும் மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"யார்ரா உன்ன இப்படி அடிச்சது? பேரச் சொல்லு. ஒரு கை போனாலும் இன்னொரு கை இருக்குடா எனக்கு."

பட்டாசு காகிதத்தை எடுத்தான். உடைந்த மூக்கிலிருந்து அதன்மேல் சொட்டியது.

"இதுல விரல் வைக்காதீங்க மாமா. நீங்க நடுவுல நுழைக்கல. கை உள்ளதான் இருந்துச்சு, படத்துல இருக்கு. கண்ணுக்கு அது தெரியாமப் பண்ணினது நான். ஒரு வரி விட்டுப்போச்சு."

மாமா மிஷினோடு வாழ்ந்தவர். கேட்டதும் மிஷின் மனிதர் கேட்கிற கேள்விதான்.

"அந்த வரி இருந்திருந்தா எவ்ளோ நேரம் கூடப் புடிச்சிருக்கும்?"

பட்டாசால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ஒரு தடவ கண்ண சிமிட்டுற நேரம் இருக்குல்ல மாமா, அத பத்து லட்சம் துண்டா வெட்டினா... அதுல ஒரு துண்டு. கூடிப்போனா ரெண்டு."

"அத மிச்சம் புடிச்சு என்னடா பண்ணியிருப்ப?"

மாமாவின் முகம் கோணியது. பட்டாசு காத்திருந்த அடி அப்போதுதான் வந்தது. நாற்பது வருஷப் பழக்கம், வலது கைதான் ஓங்கியது. கட்டுப் போட்ட அந்தக் கை அவன் கன்னத்தில் மெத்தென்று விழுந்தது. பட்டாசுக்கு வலிக்கவே இல்லை. மாமா அலறினார். பதினொன்று பத்துக்குக்கூட அப்படி அலறவில்லை. வெள்ளைக் கட்டு நடுவிலிருந்து சிவந்துகொண்டே வர, இல்லாத விரல்களை இடது கையால் தேடித் தேடிப் பிடித்தார்.

அக்கா மருந்துப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பட்டாசு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அடிங்க மாமா, இடது கையால அடிங்க" என்று அழுதுகொண்டிருந்தான்.